சுண்ணாம்பு அடித்த சர்வே கற்கள்

பெயர்: பாக்கியவதி. கணவர்: காலஞ்சென்ற நேசகுமார், ரயில்வே கார்டு (ஓய்வு). வயது: 79. தொழில்: ஓய்வு பெற்ற ஆசிரியை. முகவரி: மாதா கோவில் தெரு, ஆனைக்குட்டம் சாலை, சிவகாசி வட்டம்.

யாரும் அழைக்காமல் நானே இன்று காலை காவல் நிலையத்துக்கு வந்து, சார்பு ஆய்வாளர் திரு. ராஜபாண்டியன் முன்னிலையில் சொல்லும் வாக்குமூலம் இது.

நான் மேலே கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். மதுரையில் கன்னியர் மடத்துப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தேன். பிறகு சிவகாசியில் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. சம்பவத்தன்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரயில் பாதைத் திட்டத்தின் மேல் உள்ள பகையால் அந்தப் பாதையில் கல்லறை சிக்கிய குடும்பத்தார் தூண்டி, வேலுத்தாய் என்ற பெண் சர்வே கற்களின் எண்களை அழித்ததாகப் புகாரில் எழுதியிருப்பதாக அறிந்தேன். அதனால் ரயிலுக்கும் என் குடும்பத்துக்கும் உள்ள உறவை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவர் விருதுநகர் தென்காசிப் பாதையில், அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், பாசஞ்சர் வண்டிகளில் கார்டாக இருந்தார். கல்யாணமான புதிதில் நான் அதே வண்டியில்தான் பள்ளிக்குப் போவேன். திருத்தங்கலில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். அவர்கள் விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருக்கும். ஏறியதும் சிரிப்பும் சண்டையுமாகப் பெட்டியே அதிரும். கடைசியாக ஓடி வருகிற பெண் படியில் கால் வைக்கும் வரை என் கணவர் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இருந்து எடுக்க மாட்டார். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வரும். ஒவ்வொரு முறையும், பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரே வரியில் பதில் கொடுப்பார். அந்தக் கொடியை நான்தான் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுப்பேன். நிலக்கரி வாடை அதிலிருந்து போனதே இல்லை. அவர் இறந்த பின் எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் வடக்குச் சுவரோரம் அடக்கம் செய்தோம்.

அதன் பின், சென்ற கோடையில், விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகச் சாத்தூர் வரை நகர ரயில் பாதை அமைப்பது பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடத்தினார்கள். திட்டத்தின் பொறியாளர் திரு. சீனிவாசகம் பெரிய படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி விளக்கினார். பாதை எங்கள் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. அந்த வரிசைக் கல்லறைகளைத் தெற்கே மாற்ற வேண்டிவரும் என்றார். பலர் எழுந்து சத்தம் போட்டார்கள். நான் படத்தின் அருகே போய்ப் பார்த்தேன். சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் ஒரு நிறுத்தம் குறித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு, எனக்கு ஆட்சேபம் இல்லை என்று மைக்கில் சொன்னேன். கோவில் கமிட்டியைச் சேர்ந்த காலேப் என்னிடம் வந்து, "டீச்சர், சாரையே தோண்டி எடுக்கப் போறாக. நீங்க சரிங்கீக" என்று கேட்டார். "அவுக இருந்திருந்தா மொத டிக்கெட் அவுகதான் எடுத்திருப்பாக. நீ ரெண்டாவதா நில்லு" என்று சொன்னேன். கூட்டத்தில் சிரித்தார்கள். இது ஊரறிந்த விஷயம். யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

வேலுத்தாய் பற்றிச் சொல்கிறேன். அவள் எங்கள் தெருவை ஒட்டிய காலனியில் இருக்கிறாள். இந்து. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலைக்குக் கம்பெனி வேனில் போய் வருகிறாள். நவம்பர் இரண்டாம் தேதி வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் எங்கள் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது பல வருடங்களாக அவள்தான். தீபாவளி பிந்தி வரும் வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்து அடிப்பாள். முந்தி வரும் வருடத்தில் கம்பெனி மூடிக் கிடப்பதால் அவசரமில்லாமல் அடிப்பாள். இந்த வருடம் தீபாவளி முந்தி வந்தது.

எங்கள் தோட்டத்தில் பெயர் வெட்டிய கல்லறைகள் தவிர, வெறும் முண்டுக்கல் நட்ட குழிகளும் உண்டு. பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற உடனே இறந்துபோன பிள்ளைகள். பெற்றவர்களும் இப்போது இல்லை. அந்தக் கற்களுக்கும் விடாமல் வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் பங்கின் வழக்கம். திருநாளன்று எந்தக் கல்லும் இருட்டில் இருக்கக் கூடாது.

அதன் பின், வெள்ளையடித்த அன்று நான் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவர்ப் பக்கமிருந்து வேலுத்தாய் கூப்பிட்டாள்.

"டீச்சர், இங்கன புதுசா ரெண்டு மூணு கல்லு நட்டுருக்கு. இதுகளுக்கும் அடிக்கணுமா?"

"பேர் இருக்கா?" என்று கேட்டேன்.

"பேரில்ல. செவப்பு பெயிண்டுல என்னமோ நம்பரு எழுதியிருக்கு."

பங்குத்தந்தை அந்த வாரம் ஊரில் இல்லை. சர்வே ஆட்கள் வந்து போனதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாய்ந்து கிடந்த முண்டுக்கற்களை யாரோ மறுபடி நட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் தோட்டச் சுவரில் கட்சிக்காரர்கள் சிவப்பிலும் கறுப்பிலும் வருடத்தை எழுதி விளம்பரத்துக்கு இடம் பிடித்து வைப்பது உண்டு. சுவரை விட்டுக் கல்லுக்கும் வந்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. "நம்பர் தெரியாத அளவுக்கு ரெண்டு கோட்டிங் அடி" என்று சொன்னேன். அவள், "ஒரு கோட்டிங்குக்கே கையெல்லாம் வெந்து போச்சு" என்று முனகிக்கொண்டே அடித்தாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது சிவப்பு தெரியவில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

அதன் பின், திருநாளன்று பங்குத்தந்தை எல்லாக் கல்லறைகளுக்கும் தீர்த்தம் தெளித்தார். அந்தக் கற்களுக்கும் தெளித்தார். நானே அவற்றில் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முழந்தாள் போட முடியாததால் நின்றபடியே பரலோக மந்திரம் சொன்னேன். அதிலுள்ள பிள்ளை யாரென்று தெரியாமல்தான் சொன்னேன்.

அதன் பின், சர்வே ஆட்கள் திரும்ப வந்து கற்களைப் பார்த்து, மேற்பார்வையாளர் பாலகுரு படம் எடுத்துக்கொண்டு போனதாகவும், புகாரின் பேரில் நேற்று மாலை போலீசார் வேலுத்தாயை இங்கே அழைத்து வந்ததாகவும், விசாரித்துவிட்டு அனுப்பி இன்று காலை மறுபடியும் வரச் சொன்னதாகவும் அவள் மகள் மாரிசெல்வி வந்து என்னிடம் சொன்னாள். யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டதற்கு வேலுத்தாய் என் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். கேஸ் ஆகிவிட்டால் சீசன் தொடங்கும்போது அம்மாவைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்று அழுதாள். நான் சேலை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

நிலையத்தில் வேலுத்தாய் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. பொறியாளர் சீனிவாசகமும் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் அவர், "சர்வே கல்லுக்கு மாலை போட்டிருக்கீங்களேம்மா" என்றார்.

"மாலை மட்டுமா? தீர்த்தமும் தெளிச்சிருக்கு தம்பி. உங்க கல்லுக்கு ஒரு குறையும் வைக்கல" என்றேன். சார்பு ஆய்வாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பின் பொறியாளர், எந்தெந்தக் கற்கள் என்று காட்டுவதற்காகப் புதுப் படம் ஒன்றை மேசையில் விரித்தார். இன்று கண்ணாடி போட்டிருந்தேன். பாதை அதே இடத்தில் இருந்தது. என் கணவரின் கல்லறை மேலேயே கோடு போயிற்று. எங்கள் ஊர் விலக்கில் இருந்த நிறுத்தத்தைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "இங்க எல்லாரும் கம்பெனி வேன்ல போயிடுறாங்கம்மா. ரயிலுக்கு ஆள் வராதுன்னு எடுத்துட்டோம்" என்றார்.

சுவரோரம் நின்ற வேலுத்தாய், "வேன்ல ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து போறோம்யா. ரயிலு நின்னாத்தான நாங்க வருவோம். நிக்காத வண்டிக்கு எங்கிட்டு வந்து நிக்கச் சொல்றீக?" என்றாள். பொறியாளர் படத்தைச் சுருட்டினார்.

எனவே நான் தெரிவிப்பது. கற்களில் இருந்த எண்களை மறைக்கச் சொன்னது நான். வேலுத்தாய் கூலிக்குச் செய்தாள். கெட்ட எண்ணம் எங்கள் இருவருக்கும் கிடையாது. வழக்கு என்று ஒன்று உண்டானால் என் மேல் போட வேண்டும், அவள் பெயர் அதில் வரக் கூடாது. கற்களைக் கழுவித் தர ஆள் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன், எழுதிக்கொண்டார்கள். கோடையில் மைக்கில் நான் கொடுத்த சம்மதம் நிறுத்தம் உள்ள படத்துக்குக் கொடுத்தது. நிறுத்தத்தைத் திரும்பக் குறித்தால் அவர் கல்லறையைத் தெற்கே இடம் மாற்றுவதற்கு நானே கையெழுத்துப் போடுவேன். இந்தப் படத்துக்குப் போட மாட்டேன். நிற்காத ரயிலுக்காக என் கணவர் எழுந்து இடம் விட மாட்டார்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இப்போது உள்ளபடி அனைத்தும் நான் சொன்னதே, உண்மையே. சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை என்று சார்பு ஆய்வாளர் சொன்னார். என் சொல்லுக்குக் கீழே என் பெயர் இருக்க வேண்டும் என்பதால் கையெழுத்திடுகிறேன். வாசலில் ஆட்டோ நிற்கிறது. வேலுத்தாய் ஏறிய பிறகுதான் நான் ஏறுவேன்.

(ஒப்பம்) பாக்கியவதி நேசகுமார்

என் முன்பாக,
ராஜபாண்டியன், சார்பு ஆய்வாளர்