செண்பகத்திடம் மட்டும் சொல்லாத கட்டி

சிறுநீரகம் என்ன வேலை செய்யுதுன்னு இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டீங்க. பின்வரிசையில ரெண்டு அப்பாக்கள் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். அதனால இந்தக் கிட்னிப் படத்தை ஓரமா வச்சிட்டு, ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வருவோம்... கூட வாங்க.

கோவில்பட்டிப் பக்கம் செண்பகம்னு ஒரு அம்மா. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. வீட்டுக்காரர் குருசாமி, மினி பஸ் டிரைவர். ஒரே மகள் நாகஜோதி, காலேஜ்ல கணக்குப் பாடம் படிக்கிறா, வகுப்புல முதல் மார்க்.

செண்பகத்துக்கு வயித்து வலி. ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்தவர் குருசாமியை மட்டும் வெளியே கூப்பிட்டார். "வலிக்குக் காரணம் எதுவும் தெரியலை. ஆனா வலது கிட்னியில ஒரு கட்டி இருக்கு. டாக்டரைப் போய்ப் பாருங்க."

கட்டி... அந்த ஒரு சொல் போதும். குருசாமி அதைப் புற்றுநோய்னே முடிவு பண்ணிட்டார். மனைவிகிட்ட "சும்மா வாயுதானாம்"னு சொல்லி வீட்டுல விட்டுட்டு, நேரா அக்கா சீனியம்மா வீட்டுக்குப் போய் அழுதார்.

அக்கா சொன்னாங்க: "அழாத தம்பி. இது செண்பகம் காதுக்குப் போகக் கூடாது. கேட்டா அந்த நிமிஷமே படுத்துருவா."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமேக்கா."

"அந்த டாக்டர் நேரா அவகிட்டயே சொல்லிருவாரு. பிறகு எப்படி மறைக்கிறது?"

கேட்டீங்களா? நோயை மறைக்கணும்... அதுக்காக டாக்டர்கிட்ட போகக் கூடாது.

அதோட நிக்கலை. "அவ கண்ணை மூடுறதுக்குள்ள மக கழுத்துல தாலியைப் பார்த்துரட்டும். முறைமாப்பிள்ளை என் மகன் இருக்கானே"ன்னாங்க. நாகஜோதியைத் தனியா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாங்க. அவ மெதுவா, "பரீட்சை வருதே அத்தை"ன்னா.

"ஏட்டி, உங்கம்மா உயிரை விடப் பரீட்சை பெருசா?"

அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லுவா? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? அம்மாகிட்டப் போனா. "எனக்குப் படிப்பு ஏறலைம்மா, கல்யாணம் பண்ணி வச்சிரு"ன்னா. முதல் மார்க் வாங்குற பொண்ணு சொல்றா... படிப்பு ஏறலையாம். செண்பகமும் அதை நம்பி, கல்யாணத்துக்குச் சரின்னுட்டாங்க.

கட்டி விஷயம் தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. சொந்தக்காரங்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வந்து செண்பகத்தோட முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. எதிர்வீட்டம்மா இருக்காங்களே, குழாயடியில தினமும் சண்டை போடுறவங்க, தன் குடத்தை எடுத்துட்டு, "நீ முதல்ல பிடிச்சுக்கோ செண்பகம்"ன்னாங்க. செண்பகமோ, கல்யாண வீட்டுக்காரின்னா இவ்வளவு மரியாதையான்னு சந்தோஷப்பட்டாங்க.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனாங்க. குருசாமி ஒரு பட்டுச் சேலையை மனைவி பக்கம் தள்ளி, "விலையைப் பார்க்காத. உனக்குப் பிடிச்சதை எடு"ன்னார்.

செண்பகத்தோட கை அப்படியே நின்னுடுச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுஷன் சொல்லாத வார்த்தை.

"ஏங்க... எனக்கு என்ன வியாதி?"

அந்தக் கடையிலேயே, அத்தனை சேலைக்கு நடுவுல, குருசாமி உடைஞ்சு அழுதார். எல்லாத்தையும் சொன்னார்.

செண்பகம் அழலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரைப் பார்க்கலை."

"ஏன்?"

"பார்த்தா... உனக்குத் தெரிஞ்சுருமே."

ஒரு நிமிஷம் அந்த அம்மா முகத்தை நினைச்சுப் பாருங்க. சாகப் போறோம்னு கேட்ட அதிர்ச்சி ஒண்ணு. தெரு முழுக்கத் தெரிஞ்சது தனக்குத் தெரியலைங்கிற அதிர்ச்சி இன்னொண்ணு. எது பெரிசு? எனக்கு இன்னும் தெரியலை.

சேலையை அங்கேயே போட்டுட்டு டாக்டர்கிட்ட போனாங்க. டாக்டர் இன்னொரு பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துட்டுச் சொன்னார்: "இதுக்குப் பேரு ஆஞ்சியோமயோலிப்போமா. பேருதான் பெரிசு. கொழுப்பும் ரத்தக் குழாயும் தசையும் சேர்ந்து உருண்ட கட்டி. இது புற்றுநோய் இல்லைம்மா. இப்ப சின்னதா இருக்கு, எடுக்க வேண்டாம். நான் சொல்ற நேரத்துல ஸ்கேன் மட்டும் எடுத்துக்கோங்க. பெரிசா வளர்ந்தா ரத்தம் கசியலாம், அதனால கவனிக்காம விட்டுடாதீங்க. கசிஞ்சாலும் வைத்தியம் இருக்கு."

"அப்ப என் மக கல்யாணத்தை நிறுத்திரலாமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார். "அதுக்கும் கிட்னிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வீட்டுக்கு வந்தா சீனியம்மா உட்கார்ந்திருக்காங்க. "உன் நல்லதுக்குத்தான மறைச்சோம் செண்பகம்."

"சரி மதினி. நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா, நானும் உங்ககிட்ட மூச்சு விடாம, உங்க வளையல் யாருக்குன்னு பேசிட்டு இருக்கேன்."

சீனியம்மா வளையல் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. நாகஜோதி கேட்டா, "அம்மா, நாளைக்குக் காலேஜுக்குப் போகட்டா?"

"போ. இன்னொரு தடவை படிப்பு ஏறலைன்னு எங்கிட்ட பொய் சொன்னே..." மகளோட புத்தகப் பையைத் தேடி எடுத்து அவ கையில குடுத்தாங்க.

கதை நல்லபடியா முடிஞ்சதுன்னு சிரிக்கிறீங்க. நான் சிரிக்கலை. ஏன் தெரியுமா? கிட்னியில வர்ற எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. சரி. ஆனா எல்லாக் கட்டியும் சாதுவும் இல்லை. எது எதுன்னு தொட்டுப் பார்த்துத் தெரியாது, அழுது பார்த்தும் தெரியாது. செண்பகத்துக்கு வந்தது கெட்ட கட்டியா இருந்திருந்தா? நேரத்தோட போயிருந்தா குணமாக்கியிருக்கலாம்ங்கிற அந்த நாட்களை எல்லாம், அவங்க மேல உயிரையே வச்சிருந்தவங்க ஜவுளிக் கடையில செலவழிச்சிருப்பாங்க. கொன்னது நோயா, பாசமா?

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க வீட்டுல யாருக்காவது கட்டின்னு சொன்னா, அக்காகிட்ட அப்புறம் அழலாம். உடம்பு யாருடையதோ அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க... அவங்க கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.