நட்சத்திரத்துக்கு ஒருவரும் வரவில்லை

இஞ்சித் தேநீருக்குச் சீனியைக் கடைசியில்தான் போட வேண்டும். என் மகள் ரஜிதா அப்படித்தான் போடுவாள்.

மாத்தளையில் நம் கோயில் நடத்தும் கல்யாணப் பதிவுச் சேவையில் கணினி வேலை என்னுடையது. வரன்களின் விவரமெல்லாம் அக்சஸ் மென்பொருளில் இருக்கிறது. நாவுல என்ற ஊரை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் முதல் இரண்டெழுத்தைத் தட்டி, பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவோம். நட்சத்திரம் என்றால் 'மீதி எதுவானாலும் சரி' என்று பொருள்.

தை மாதம் ரஜிதா தன் பெயரையும் பதிந்தாள். வயது இருபத்தொன்பது. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். தெரியாத வீட்டில் பிள்ளை கஷ்டப்படக் கூடாதே என்று நினைத்தேன். சிறு நன்மைகளைக் கடவுள் மறப்பதில்லை.

அன்று மென்பொருளின் அமைப்புகளில் 'ஏஎன்எஸ்ஐ 92' என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டேன். அந்த முறையில் நட்சத்திரம் வெறும் நட்சத்திரம்தான்; அதைப் போட்டுத் தேடினால் ஒருவரும் வரமாட்டார்கள். அதன் பழைய வேலையைச் சதவீதக் குறி செய்யும். ஒரு பெயரையும் அழிக்கவில்லை. அழிப்பது பாவம்.

"யாருமே வரலையேப்பா. நாவுலயில ஆம்பளைங்களே இல்லையா?" என்றாள் ரஜிதா.

"சாமிக்கு எப்ப மனசு வருதோ அப்பதாம்மா."

"சாமி இந்தப் பக்கம் பஸ் ஏறவே மாட்டாரு போல."

ரிவர்ஸ்டன் பக்கமிருந்து வரன் தேடி இரண்டு பஸ் மாறி வந்த தினுஷா என்ற பெண், வெறும் திரையைப் பார்த்து அழுதாள். அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். வந்த நாற்பத்தொரு பெண்களுக்கும் கொடுத்தேன்.

போன மாதம் ரஜிதா சலித்துப்போய், விசைப்பலகையின் மேல்வரிசைக் குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். சதவீதக் குறிக்கு அறுபத்திரண்டு மாப்பிள்ளைகள் வந்தார்கள்.

"இவ்வளவு பேரும் எங்கப்பா ஒளிஞ்சிருந்தாங்க?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அவர்களில் ஒருவரான நாவுல விஜேந்திரன் நல்ல பையன் என்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். "நீங்களே கோயில் சபைக்குச் சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்றேன்" என்றாள் ரஜிதா. அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன். செய்தது நான்தான்.

அந்தச் சரி அடையாளத்தை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. மற்றப் பெண்களுக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள் அல்லவா.