காற்று இறக்காத பெட்டி

ஓடுகிறோம். அம்மா ஒரு கையில் தம்பியையும் மறுகையில் என்னையும் இழுக்கிறாள். ஓட்டில் கல் விழுகிறது. டம். டம். பிறகு வேறொரு சத்தம். டமார். கல் அப்படி வெடிக்காது. அது சோடா பாட்டில். எங்கள் வீட்டு சோடா பாட்டில்.

"ஐயோ, காத்தெல்லாம் எறக்கியாச்சுன்னாகளே!" அம்மா ஓடிக்கொண்டே கத்துகிறாள்.

சங்கரன்கோவில். எழுபதுகளின் கடைசி. சித்திரை வெயில். பகல் மூன்று மணி இருக்கும். ரெண்டு தெருக்காரர்களுக்குள் அடிதடி. காரணத்தைக் கேட்காதீர்கள். பெரியவளாகித் தெரிந்துகொண்டபோது காறித் துப்பத் தோன்றியது. ரெண்டு தெருவும் எங்கள் கோலி சோடாவைக் குடித்து வளர்ந்த தெருதான்.

சோடா போடுகிற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் சண்டை என்று காதில் விழுந்தால், நிறைத்து வைத்த பாட்டில்களில் எல்லாம் கோலியை அமுக்கிக் காற்றை இறக்கிவிட வேண்டும். காற்று இருந்தால் அது வெடிகுண்டு. இறக்கிவிட்டால் வெறும் கண்ணாடி.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் சேதி வந்தது. அப்பா சோடாப் பட்டறையிலிருந்து கத்தினார். "ஏலே சம்முவம், காத்த எறக்குலே! ஒண்ணு விடாம எறக்கு!"

சண்முகம் என் அண்ணன். இருபது வயது. அவனும் நானும் அமுக்கினோம். டப். உஸ்ஸ். டப். உஸ்ஸ். அந்தச் சத்தம் என்றால் எனக்கு உயிர். பச்சைக் கண்ணாடி, கழுத்தில் உருளும் கோலி, அதை அமுக்குகிற மரக்கட்டை. எல்லாம் போயிற்று. இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில் ஏதோ விற்கிறான், அதற்குப் பெயரும் சோடாவாம்.

கடைசிப் பெட்டி என் பங்கு. பன்னீர் சோடா. இருபத்துநாலு பாட்டில். மறுநாள் அத்தை மகள் சடங்குக்காக அண்ணன் போட்டது. எனக்கு ரெண்டு தருவதாகச் சொல்லியிருந்தான். காற்று போனால் வெறும் இனிப்புத் தண்ணீர். மனசு வரவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினேன். "எல்லாம் எறக்கியாச்சுப்பா" என்று உரக்கச் சொன்னேன். எனக்குப் பத்து வயது.

மூன்று மணிக்குக் கும்பல் இடித்து முன்கதவு பெயர்கிறது. பின்வாசல் வழியாக ஓடுகிறோம். "ஏட்டி, குனிஞ்சு ஓடுட்டி!" என்று கத்திக்கொண்டே அண்ணன் கடைசியாக வருகிறான். உள்ளேயிருந்து ஒருவன் கூவுகிறான். "ஏலே, இங்கன நெறஞ்ச பெட்டி கெடக்குலே!"

முதல் பாட்டில் சுவரில் வெடித்தது. அண்ணன் பின்கதவைச் சாத்தத் திரும்பினான். குலுக்கி எறிந்தார்கள். ரெண்டாவது அவன் கழுத்தில். கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம். தெருவெல்லாம் பன்னீர் வாசனை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலேயே அடங்கிவிட்டான். என் பாவாடையில் அவன் தலை இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் தெருவில் கோலி பொறுக்கினார்கள். நானும் பொறுக்கினேன். கழுவித்தான் எடுத்துவைத்தேன்.

எங்களுக்குப் போனது இவ்வளவு. பட்டறையில் அடுக்கியிருந்த பாட்டில் அத்தனையும். சோடா எந்திரம் ஒன்று. அதை அப்பாவே உடைத்துப் போட்டார். அண்ணன் ஒருவன். கடைசிப் பெட்டியைத் தான் பார்க்காமல் விட்டுவிட்டதாகச் சாகும்வரை தலையில் அடித்துக்கொண்டார் அப்பா. பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெட்டியை ஒளித்தது நான்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை.