நண்டுக்கு எத்தனை செருப்பு

கதிர்வேல்: ...அதெல்லாம் வேண்டாமுங்க அம்மணி. நாளையிலிருந்து எம்பொண்ணு லாஸ்யாவ உங்க வாசிப்பு வகுப்புக்கு அனுப்பறதா இல்லீங்க.

சண்முகப்ரியா: ஏனுங்கண்ணா, நல்லாத்தானே வாசிச்சுட்டிருக்கறா? வந்ததும் வராததுமா... சித்த உக்காந்து சொல்லுங்க.

கதிர்வேல்: உக்கார நேரமில்லீங்க. தெனமும் பொழுது சாயறப்ப மாட்டுக் கட்டுத்தரைக்குப் போயி, கன்னுக்குட்டிக்குக் கதை படிச்சுக் காட்டுதுங்க என்ற புள்ள. பால் ஊத்தற எடத்துல அத்தன பேரும் சிரிக்கறாங்க. 'உங்க கன்னு எத்தனாவது படிக்குது மாப்ள'ன்னு கேக்கறாங்க.

சண்முகப்ரியா: அது... நாஞ்சொன்னதுங்க.

கதிர்வேல்: நீங்களா? கம்பெனி வேலைக்கும் போயிட்டு, காசு வாங்காமச் சொல்லிக் குடுக்கறீங்களேன்னு பாத்தா...

சண்முகப்ரியா: கன்னுக்குட்டின்னு சொல்லலீங்க. தெனமும் ஊட்டுல யாருக்காச்சும் சத்தமா வாசிச்சுக் காட்டோணும். கேக்கறவங்க குறுக்க பேசக்கூடாது, தப்பாப் படிச்சாலும் திருத்தக்கூடாது. எங்க வகுப்புல அதுதான் முறை. அப்படி யாரு இருக்காங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'செவலக் கன்னு மட்டுந்தானுங்க அக்கா'ன்னா.

கதிர்வேல்: ...ஏன், ஊட்ல நாங்கெல்லாம் இல்லீங்களா?

சண்முகப்ரியா: இருக்கீங்க. ஒரு எழுத்து தடுமாறுனா நீங்க...

கதிர்வேல்: சத்தம் போடுவேன். பின்ன, தப்பாப் படிச்சா கேட்டுட்டே இருக்கறதுங்களா?

சண்முகப்ரியா: ஆமாங்க. ஸ்கூல்ல வாயே தொறக்காத புள்ளைங்கண்ணா. மூணாவது வந்தும் ஒரு வரி முழுசா வாசிச்சதில்ல. இப்ப நிறுத்தீட்டீங்கன்னா மறுபடியும் வாய மூடிக்குவா.

கதிர்வேல்: கன்னுக்குட்டி அப்படியென்ன கேட்டுக் கிழிக்குதுங்க? காதத்தான் ஆட்டுது. அந்த நண்டு செருப்புக் கடைக்குப் போறப்ப மட்டும் ஒருக்கா 'ம்மா'ன்னுச்சு.

சண்முகப்ரியா: எந்த நண்டுங்க?

கதிர்வேல்: ...அதுதானுங்க, உங்க புஸ்தகத்துல. கல்யாணத்துக்குப் போறதுக்கு எல்லாக் காலுக்கும் செருப்பு வேணும்னு கேக்குமே.

சண்முகப்ரியா: அந்தப் புஸ்தகம் திங்கக்கிழமைதானே அவளுக்குக் குடுத்தேன். நீங்க எப்பங்க படிச்சீங்க?

கதிர்வேல்: நா எங்கீங்க படிச்சேன்... மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனப்ப காதுல உழுந்துச்சு.

சண்முகப்ரியா: ஓ... தண்ணி காட்டப் போனப்ப.

கதிர்வேல்: சிரிக்காதீங்க அம்மணி.

சண்முகப்ரியா: இல்லீங்க, இல்லீங்க. 'செருப்புக்கடைக்காரர்'ங்கற எடத்துல திணறுவாளே, இப்ப எப்படி?

கதிர்வேல்: முந்தாநேத்து ஒடச்சு ஒடச்சுப் படிச்சாளுங்க. நேத்து ஒரே மூச்சுல சொல்லிப்போட்டா. சொல்லிப்போட்டு அவளே நிமுந்து உக்காந்தா பாருங்க...

சண்முகப்ரியா: நிமுந்து உக்காந்ததும் காதுலதான் உழுந்துச்சுங்களா?

கதிர்வேல்: ...செரி, சொல்லிப்போடறேன். கட்டுத்தரையோரம் சோளத்தட்டு அடுக்குன தட்டுப்போரு இருக்குதுல்ல, அதுக்குப் பின்னால உக்காந்துக்கறேனுங்க. தெனமும்.

சண்முகப்ரியா: குறுக்க பேசாமயா?

கதிர்வேல்: தப்பாப் படிச்சான்னா துண்ட வாயில கடிச்சுக்கறேன்.

சண்முகப்ரியா: அண்ணா... பொறகு எதுக்குங்க வகுப்பே வேண்டாம்னீங்க?

கதிர்வேல்: அவனுக சிரிச்சாங்கல்ல. என்ற புள்ளையப் பாத்துச் சிரிக்கறாங்களேன்னு ஆத்தரம்... பால் கேன எறக்கிப்போட்டு, வண்டிய நேரா இங்க திருப்பிட்டேன். அவனுகளுக்கு என்னங்க தெரியும்? நேத்து அந்த நண்டு கதைய மொதல்லிருந்து கடேசி வரைக்கும் படிச்சு முடிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. ஒரு வரி படிக்காதுன்னு சொன்னீங்களே, அந்தப் புள்ளைங்க அது. என்ற புள்ள. ஓடிப்போயித் தூக்கிக்கலாம்னு எந்திரிச்சுட்டேன்...

சண்முகப்ரியா: தூக்கிக்க வேண்டியதுதானே?

கதிர்வேல்: பயமாப் போச்சுங்க. நா கேக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்திப்போட்டான்னா?

சண்முகப்ரியா: அப்ப நாளைக்கு அனுப்பறீங்க?

கதிர்வேல்: நானே கூட்டியாரேன். நண்டவிடப் பெரிய கதையாப் பாத்து வெய்யுங்க. ஆனா ஒண்ணு... நா ஒளிஞ்சுட்டுக் கேக்கறது அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மணி.

சண்முகப்ரியா: நா எங்கீங்க சொல்றது? போன வாரமே அவதான் எங்கிட்டச் சொன்னா. 'அக்கா, எங்கப்பா தட்டுப்போருக்குப் பின்னால உக்காந்து கேக்கறாருங்க. கன்னுக்குட்டி பக்கத்துலயே நிக்குது, அதுக்கு மெதுவாப் படிச்சாவே போதும். அப்பாவுக்குக் கேக்கோணும்னுதான் சத்தமாப் படிக்கறேன்'னு.