அந்த மிஷினுக்கு எலுமிச்சம்பழம் இல்லை

படப்பையிலிருந்து தாம்பரம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்: "நாளைக்கு அந்த மிஷினுக்கு நான் எலுமிச்சம்பழம் வைக்க மாட்டேன்."

"இன்னாக்கா சொல்ற? எந்த மிஷின் கம்பெனிய வுட்டு கிளம்புனாலும் சக்கரத்துக்குக் கீழ நீதான வைக்கிற? கைராசின்னு மேனேஜரே உன்னத்தான கூப்புடுவாரு?"

"அதெல்லாம் தரையில ஓடுற மிஷின். இது ஆழ்கடல்ல எறங்கி, அடிமண்ணச் சுரண்டி உலோகம் எடுக்கப் போவுது. அங்க இன்னா இன்னா உசுரு கீதுன்னு முழுசா பாத்தவனே இல்ல. அதுக்குள்ள வாரணுமா?"

"பேட்டரி செய்ய வோணுமாமே."

"பழைய பேட்டரி ஊரெல்லாம் குமிஞ்சி கீது. அத உருக்கட்டும்."

"தப்புன்னா கவர்மென்டு தடை போடட்டும்க்கா. உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? அடுத்த மாசம் உன் காண்ட்ராக்ட்டு முடியுது. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். தடை வருதோ இல்லியோ, என் கைராசி அதுக்குக் கெடையாது."

இளையவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பூஜைக்குன்னு உன்கிட்ட குடுத்த பழமெல்லாம் எங்க?"

மூத்தவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். கலங்கிய நீரில் விதைகள் மிதந்தன. "உப்பு போட்டுப் பிழிஞ்சிட்டேன்."

"அடிப்பாவி அக்கா!"

தாம்பரம் நெருங்கியது. இளையவர் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கேட்டா நானும் குடிச்சேன்னு சொல்லு. சக்கரை போட்டிருக்கலாம்க்கா."