உதற விழுந்த சீட்டு

"...அந்த இங்கிலீஷ்காரன் உனக்கு ஏனடி புத்தகம் தாறான்? முதியோர் இல்லத்திலை ஆரிட்டையும் பரிசு வாங்கக்கூடாதெண்டு கையெழுத்து வைச்சனியெல்லோ? கண்டால் வேலை போயிடும். நான் கெஞ்சி எடுத்துத் தந்த வேலை!"

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நல்ல பேச்சென்றால் என் காது தானாக நீளும். திட்டியவர் மூத்தவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான இளையவளின் மடியில் தடித்த ஜெர்மன் புத்தகம் ஒன்று.

"அவர் லண்டனிலை பத்திரிகைக்காரராய் இருந்தவர் அக்கா. மனுசி ஜெர்மன்காரி, அதாலை இஞ்சை வந்து இப்ப எங்கடை இல்லத்திலை இருக்கிறார். 'நாற்பது வருஷம் பேப்பரிலை எழுதினனான், அதாலை பேப்பரை நம்பிறேல்லை' எண்டுவார்."

"பகிடி விடுறவனிலைதான் கண் வைக்கோணும். தனிய இருக்கிறவரோ?"

"ஓம். கட்டிலிலை பாதி இடம் புத்தகங்களுக்கு. 'மனுசி போனபிறகு இதுகள்தான் பக்கத்திலை படுக்குதுகள், குறட்டை விடாதுகள்' எண்டுவார்."

"உதுக்குள்ளை என்னவோ வைச்சிருக்கிறான்."

அக்கா புத்தகத்தைப் பறித்துத் தலைகீழாக உதறினார். ஒரு சீட்டு விழுந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள், ஜெர்மனில் எழுதியிருந்ததை இளையவள் தமிழாக்கிச் சொன்னாள்:

"'உதறிப் பார்க்கிறவருக்கு: இது பரிசில்லை, இரவல். மேலாளருக்கும் சொல்லிப்போட்டன். சந்தேகப்படுறவைதான் ஒரு வரியும் விடாமல் வாசிப்பினம். முதலிலை நீங்கள் வாசியுங்கோ.'"

"கள்ளக் கிழவன்," என்றார் அக்கா. சீட்டை உள்ளே செருகி, புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டிக்கொண்டு, கெல்சென்கிர்ச்சனில் இறங்கிப் போனார்.