மூன்று இழுப்பு, ஒரு ஊதல்

இரவு பதினொன்றே முக்கால். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குள் திரும்பும் புறவழிச் சாலை. தெருவிளக்குகளில் பாதி எரியவில்லை. எதிரே ஒரு வண்டி இல்லை... குரைக்க ஒரு நாய்கூட இல்லை. பாலத்தின் நடுவில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். ஆற்றுக்குள் வீசினார். 'ப்ளக்.' அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசி பஸ்ஸும் டிப்போவுக்குள் வந்தாகிவிட்டது. இனி நாலு மணிவரை நமக்கு வேலை இல்லை. இது நம் மெக்கானிக்கின் அக்கா புருஷனுக்கு நடந்தது. பாதிக் கதையில் மெக்கானிக்கும் இருக்கிறான். அதோ, மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் தப்பாகச் சொன்னால் இருமுவான்.

அக்கா புருஷன் பூட்டுக்காரர். மார்க்கெட் சந்தில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை. ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியுமாக நடத்தினார்கள். இவர் தம்பி. அண்ணன்தான் கைகாரர். சாவி தொலைந்த பூட்டை அவர் கழற்றவே மாட்டார். பல் வெட்டாத சாவியை உள்ளே விட்டு ஒரு திருகு. பூட்டுக்குள் இருக்கும் பின்கள் சாவிமேல் ஊசிமுனை அளவுக்குத் தடம் பதிக்கும். தடம் பட்ட இடத்தில் அரத்தால் மூன்று இழுப்பு... வாயால் ஒரு ஊதல். மறுபடி உள்ளே. இப்படியே ஒவ்வொரு பின்னாகப் படியும். ஐந்தும் படிந்தால் கதவு திறக்கும்.

எப்போதும் மூன்று இழுப்பு, ஒரு ஊதல். கூடாது, குறையாது. "சாவி பண்றியா, பாப்பாவுக்குப் பால் ஆத்துறியாண்ணே?" என்று தம்பி கேலி செய்வார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு வேலைக்கென்று வெளியூர் போனார். திரும்பவில்லை. மூன்றாவது மாதம் அந்த ஊர்ப் போலீஸ் தம்பியைக் கூப்பிட்டது. தண்ணீரில் கிடந்த உடம்பு. முகம் என்று ஒன்று இல்லை. அறை முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். ஆனால் வலது கட்டைவிரலில் அரம் கிழித்த பழைய தழும்பு இருந்தது. தம்பி கையெழுத்துப் போட்டார். அங்கேயே காரியத்தை முடித்தார். வீட்டுக்கு வந்தால், அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "அது வேற யாரோம்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னதைத் திருப்பி எடுக்க அப்புறம் வாய் வரவில்லை.

அந்த ஓட்டையில் வந்து நுழைந்தான் ஒருவன். ஊரில் அவனுக்கு 'தொட்டுச் சொல்கிறவர்' என்று பெயர். பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஏசி அறை. காணாமல் போனவருடைய பொருள் ஒன்றைக் கையில் வைத்துக் கண்ணை மூடினால் ஆள் எங்கே என்று தெரியுமாம். முன்னறையில் ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்து, பாவப்பட்டு, எல்லாவற்றையும் விசாரிப்பாள். பத்து நிமிஷத்தில் அதே விவரம் உள்ளேயிருந்து அசரீரியாக வரும். அவன் கண்ணுக்குத் தெரிகிற எல்லாருமே தண்ணீர் பக்கத்தில்தான் இருப்பார்கள். தண்ணீர் இல்லாத ஊர் எது?

அவன் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "உங்க பையன் உயிரோடதான் இருக்கான்மா. ராத்திரியிலதான் வருவான். அவன் சாவி போடுற நேரத்துல நீங்க வீட்டுல இருக்கணும். இல்லன்னா திரும்பிப் போயிடுவான்."

அவ்வளவுதான். அம்மா மூன்று வருஷம் ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. வயிற்றில் கட்டி வந்தது. ஒரு மாசத்துக்குள் அறுத்து எடுக்காவிட்டால் தன்னால் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா மறுத்துவிட்டாள். பத்து நாள் படுக்க வேண்டுமாம், பத்து ராத்திரி வீடு காலியாகக் கிடக்குமாம், அதற்குள் அவன் வந்துவிட்டால்?

பூட்டுக்காரருக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சட்டையைப் பிடித்தால் அம்மா நம்பமாட்டாள். அதனால் தொழிலைக் காட்டினார்.

பல் வெட்டாத பித்தளைச் சாவி ஒன்றை எடுத்தார். பேருக்கு ஐந்து கீறல் போட்டார். உலகத்தில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. உப்பும் வினிகரும் கலந்து ஊற வைத்தார். பழுப்பேறி, பத்து வருஷம் இடுப்பில் கிடந்தது போல ஆனது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடியேறி, அண்ணனின் பழைய சட்டையில் கிடைத்தது என்று சொல்லி நீட்டினார்.

அவன் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினான். உதடு நடுங்கியது. நன்றாகத்தான் நடுங்கியது, குறை சொல்லக் கூடாது.

"எத்தனையோ ராத்திரி இதைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கார்மா... பக்கத்துல தண்ணி தெரியுது... இந்தச் சாவிதான் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்."

"காலையில ஒன்பது மணிக்கு நான் வெட்டின சாவி இது" என்றார் பூட்டுக்காரர். "அழுதது என்னவோ உண்மை. ரெண்டு மணி நேரம் வினிகர்ல கிடந்து அழுதுச்சு."

நம்பிக்கை இல்லாதவர்கள் தொட்டால் சக்தி கலைந்துவிடும் என்று அவன் ஏதோ முணுமுணுத்தான். பூட்டுக்காரர் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா எழுந்தாள். பல் டாக்டர் வாசல்வரை இறங்கி வந்து நின்றாள்.

"சரிடா. ஆஸ்பத்திரிக்கு வரேன்."

இரண்டு படி இறங்கினாள்.

"பூட்டை மட்டும் மாத்திடாத."

"மாத்தலம்மா."

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலமே மாற்றினார். அண்ணன் கையில் இருந்த சாவி இனி எந்தக் கதவுக்கும் வேண்டாம், இந்தப் பைத்தியம் வேரோடு போகட்டும் என்று நினைத்தார். ஐந்து பின் வைத்த புதுப் பூட்டு. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள். மனைவி அம்மாவோடு தங்கினாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த இவர் அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பினார். வழியில்தான் அந்தப் பாலம்... அந்த வினிகர்ச் சாவி... அந்த 'ப்ளக்.'

வீடு முதல் மாடி. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். இரண்டு மணி இருக்கும்...

கதவில் சாவி நுழைந்தது.

ஒரு திருகு. திரும்பவில்லை. சாவி வெளியே போனது. அப்புறம்... சர்க். சர்க். சர்க். ஃபூ.

சுத்தியலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மாடிப்படி பல்பு எரிந்துகொண்டிருந்தது. படியில் ஓர் ஈரச் சாக்கு வாசனை. காலடியில், விரலால் தொட்டால் ஒட்டும் அளவுக்குப் பித்தளைத் தூள்.

அந்த ஆளின் வேலைதான் என்று காலையில் நேரே அங்கே போனார். போனால், அவன் மூன்று நாளாக வெளியூர் முகாமில் இருக்கிறான். முன்னறை அம்மாள் போன் போட்டுக் கொடுத்தாள். பூட்டுக்காரர் திட்டி முடிக்கும்வரை அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அவன் கேட்டது இது:

"தம்பி, இதை எழுதிக் குடுப்பீங்களா? விளம்பரத்துல போட்டுக்கறேன்."

அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அப்போதுதான் உறுதியானது. அந்த உறுதியில் ஒரு நிம்மதியும் இல்லை. அவனாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் இரவும் வந்தது. இந்த முறை உள்ளே 'டிக்' என்று ஒரு பின் படிகிற சத்தம். பூட்டுக்காரர் காதுக்குத் தப்புமா? மூன்றாம் இரவு இரண்டு. நான்காம் இரவு மூன்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் சாயங்காலம் பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மா ஒன்றையே கேட்டாள். "பூட்டு அப்படியேதானே இருக்கு?" அப்படியேதான் இருக்கிறது என்று இவர் சொன்னார், தூக்கமில்லாத கண்ணோடு.

ஐந்தாம் இரவுக்கு நம் மெக்கானிக்கைத் துணைக்குக் கூப்பிட்டார். எலியாக இருக்கும் மாமா என்று சிரித்துக்கொண்டு போனவன்தான் இவன். இரண்டு மணிக்குச் சிரிப்பு நின்றது. டிக்... டிக்... டிக்... டிக். நான்கு. பிறகு அந்த மூன்று இழுப்பு. பிறகு ஊதல். மெக்கானிக் கதவில் காதை வைத்திருந்தான். சாவித் துவாரத்தின் வழியாக அந்தக் காற்று கன்னத்தில் பட்டதாம். சில்லென்று... ஈரமாக...

ஆறாம் இரவு இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். இரண்டு மணி. மூன்று. நான்கு. ஒன்றும் வரவில்லை. ஏழாம் இரவும் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து... இல்லை. சனியன் விட்டது என்று பூட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் அம்மாவை வீட்டுக்கு அழைத்துவரப் போனார்கள். அம்மாவோடு தங்கியிருந்த மெக்கானிக்கின் அக்கா பையில் துணியை அடுக்கிக்கொண்டே புலம்பினாள். "அஞ்சாறு நாளாச்சு, ராத்திரியானா வார்டுல யாரோ ஈரச் சாக்கைக் கொண்டு வந்து போட்டுடறாங்க. என்ன நாத்தம்!" பூட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. மெக்கானிக் பார்த்தான்.

அம்மா வண்டியில் வலது கையை மூடியே வைத்திருந்தாள். ஊசி குத்திய வலி என்று நினைத்தார்கள். கைப்பிடியைப் பிடிக்க இடது கையையே நீட்டி, மெல்ல மாடி ஏறினாள். கதவின் முன் நின்றாள். பளபளவென்று புதுப் பூட்டு. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா... அது வந்து..." என்று பூட்டுக்காரர் சாவியை எடுத்தார்.

"இருடா."

வலது கையை விரித்தாள். பழுப்பேறிய ஒரு பித்தளைச் சாவி. ஈரம் காயவில்லை. ஐந்து பல்லும் ஆழமாக, அழகாக, ஒரே சீராக அராவியிருந்தது.

உள்ளே விட்டாள். ஒரே திருகு. திறந்தது.

அம்மா உள்ளே போனாள். போனவள் கதவை உடனே விடவில்லை. பின்னால் ஒரு ஆள் நுழையும்வரை பிடிப்போமே... அப்படி, சற்றே ஒதுங்கி நின்று பிடித்துக்கொண்டாள். பிறகு சாத்தினாள். உள்ளே பூட்டு விழும் சத்தம்.

அக்கா, மெக்கானிக், பூட்டுக்காரர் மூன்று பேரும் பைகளோடு வெளியே.

பூட்டுக்காரர் தன் சாவியைப் போட்டார். அவரே வாங்கி, அவரே பொருத்திய பூட்டு. பத்து நாளாகத் திறந்த சாவி. திரும்பவில்லை. மறுபடி போட்டார். திரும்பவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டுக் கதவில் காதை வைத்தார்.

பட்டப்பகல். தெருவில் பள்ளிக்கூடம் விட்ட சத்தம். அதையும் மீறி, கதவுக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

சர்க். சர்க். சர்க். ஃபூ.

கூடவே, ஆறு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத அம்மாவின் சிரிப்பு... "சாவி பண்றியா, பாப்பாவுக்குப் பால் ஆத்துறியாடா?"